பந்தலுண்டு, பெட்டி எங்கே?

தேர்தல் நெருங்குகிறது என்பதை ஏட்டைப் பிரித்துப் பார்த்து அறியவேண்டிய தேவை பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் நமக்கு இல்லை. வேன் கணக்குக் கேட்க ஆள் வந்தால் தேர்தல் வருகிறது என்று பொருள். மாநாடு கூடுகிறதாம், கோட்டைக்குப்பத்திலிருந்து எத்தனை தலை, ஆண்டிக்குப்பத்திலிருந்து எத்தனை தலை, நடுவூர் மாதாகுப்பத்திலிருந்து எத்தனை தலை என்று குறித்துக்கொள்வர். பெண்கள் பாதிக்குக் குறையக்கூடாதாம். படத்தில் எடுப்பாக இருக்குமாம். தலைகளை எண்ணுவதில் அத்தனை கருத்து! அத்தலைகளுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டறிவதில் மட்டும் எவருக்கும் கருத்தில்லை.

மாநாட்டுக் குழு என்று ஒன்று அமைப்பர். அக்குழு வாரக்கணக்கில் கூடிப் பேசும். பந்தல் எத்தனை அடி, மேடை எத்தனை அடி, தலைவர் நடந்துவரும் பாதை எத்தனை அடி, வளைவுகள் எத்தனை, ஒலிபெருக்கி எத்தனை, வண்டிகள் நிற்க எத்தனை ஏக்கர், குடிநீர்த் தொட்டி எத்தனை என்று நுணுகி நுணுகித் திட்டமிடும். தவறென்று சொல்லோம். ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுமிடத்தில் தண்ணீரும் கழிப்பிடமும் இல்லாதுபோனால் என்ன பாடு என்பதை அங்கே சென்று திரும்பிய நம் தாய்மாரைக் கேட்டால் சொல்வர். ஆனால் அத்திட்டத்தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாலும் ஒரு பொருளைக் காணமாட்டோம். வாக்குப்பெட்டி! அத்தனை பேரும் கூடி எதை முடிவு செய்யப்போகிறார்கள் என்ற ஒரு வரி அதில் இராது.

முடிவு செய்யாத கூட்டத்துக்கு மாநாடு என்று பெயரா? திருவிழா என்று சொல்லிவிட்டுப் போகலாமே! தேருண்டு, கொடியுண்டு, வாணவேடிக்கையுண்டு. மூலவர் மேடையில் எழுந்தருள்வார், அடியார்கள் கண்டு களித்துக் கலைவர். பகுத்தறிவு பேசும் மண்ணில் இந்த வழிபாட்டுக்கு வேறு பெயர் சூட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவே.

இந்நாட்டு மாநாடுகள் என்றும் இப்படித்தான் இருந்தனவோ என்று இளைஞர் எண்ணக்கூடும். அல்ல. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப்போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டியெறியச் சொன்னது. அந்தச் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். அறுபது ஆண்டு முந்திச் சென்று முடிவெடுத்த பந்தல் அது! இன்று நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆவடியில் 1955இல் கூடிய காங்கிரசு மாநாடும், சோசலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. அதை ஏற்பார் ஏற்கட்டும், மறுப்பார் மறுக்கட்டும், ஏதோ ஒன்றை முடிவு செய்யவாவது கூடினர்.

எல்லாவற்றினும் மேலாக 1956 மே திங்களில் திருச்சியில் கூடிய திராவிட முன்னேற்றக் கழக மாநாட்டைச் சொல்லவேண்டும். 1952 பொதுத்தேர்தலில் கழகம் போட்டியிடவில்லை. அடுத்த தேர்தலில் நிற்பதா, விலகி நிற்பதா? கட்சியின் வாழ்வையே மாற்றவல்ல கேள்வி. அண்ணா நினைத்திருந்தால் ஒரே அறிக்கையில் முடித்திருக்கலாம். மறுத்துப் பேச எவர் இருந்தார்? ஆயினும் பெட்டிகள் வைக்கப்பட்டன. வந்திருந்தோர் வாக்களித்தனர். நிற்கவேண்டும் என்றோர் 56,942 பேர். வேண்டா என்றோர் 4,203 பேர். அடுத்த ஆண்டே 15 பேர் சட்டமன்றம் புகுந்தனர்.

பெரிய எண்ணைக் கண்டு மகிழ்வோர் மகிழட்டும். நம் உள்ளம் அந்தச் சிறிய எண்ணிடம் செல்கிறது. 4,203 பேர்! தலைமையின் விருப்பம் எதுவென்று அறியாதவர்களா அவர்கள்? அறிந்தும் மாற்றி வாக்களித்தனர். அவர்களைத் துரோகி என்று தூற்றாமல், ஒன்றுவிடாது எண்ணி, ஊரறிய அறிவித்தனர். ஒரு கட்சி உயிரோடிருப்பதற்கு அந்த 4,203 போதிய சான்று. இன்றைய மாநாடுகளில் எதிர்த்தோர் எண்ணிக்கை என்ன? கேட்டால் சிரிப்பர். தீர்மானம் படிக்கப்படும், கைதட்டல் எழும், நிறைவேறியது என்பர். தட்டாத கையை எண்ணுவார் இல்லை.

சரி, மாநாட்டில் முடிவு செய்யாவிட்டால் வேறெங்கேனும் செய்கிறார்களா? தேர்தலில் எவர் நிற்பது என்பதையே எடுத்துக்கொள்வோம். கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுப்பர். தலைமையகத்தில் நேர்காணல் என்பர். சில நிமிடங்கள், என்ன சாதி, எவ்வளவு செலவு செய்வீர் என்பவையே அங்கு எழும் கேள்விகள் என்று ஊரே பேசிக்கொள்கிறது. பிறகொரு நாள் பட்டியல் வெளிவரும். பட்டியலில் இருப்பவரைப் பொன்னேரித் தொகுதியின் உறுப்பினர் தேர்ந்தாரா? உறுப்பினருக்கும் ஊருக்கும் செய்தி ஒரே நேரத்தில்தான் தெரியும், தொலைக்காட்சியில்!

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. வேட்பாளர் ஒருவர் கட்சியின் சின்னத்தைப் பெறவேண்டுமானால் இரண்டு தாள்கள் வேண்டும். படிவம் ஏ, கட்சியின் சார்பில் கையெழுத்திட உரிமையுடையவர் இன்னார் என்று சொல்வது. படிவம் பி, அவர் கையெழுத்திட்டு எம் வேட்பாளர் இன்னார் என்று சொல்வது. மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அது தேர்தல் அலுவலரிடம் சேர்ந்தால் போதும். அந்தப் பெயரைத் தேர்ந்தது எத்தனை பேர், எங்கே, எப்படி என்று அலுவலர் கேட்கமாட்டார். கேட்கச் சட்டம் இல்லை. 1989 முதல் கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வழியமைத்தார்கள். அரசியல் சட்டத்துக்கும் குடியாட்சிக்கும் கட்டுப்பட்டவர் என்று எழுதித் தரவும் சொன்னார்கள். கட்சிக்குள்ளும் குடியாட்சி வேண்டும் என்று 1999இல் சட்ட ஆணையம் தன் 170ஆம் அறிக்கையில் எடுத்துரைத்தது. அறிக்கை எங்கே? அலமாரியில்!

வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே மாநாடு கூட்டிய நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் முன்பு குடியரசுத் தலைவர் வேட்பாளரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் தமக்குள் கூடி முடிவு செய்தனர். மக்கள் அதனை மன்னர்க் கூட்டம் என்று எள்ளினர். 1824இல் உறுப்பினர்களே பெரும்பாலோர் அதனைப் புறக்கணித்தனர். 1831இல் பால்டிமோர் நகரில் ஒரு சிறிய கட்சி நாடெங்குமிருந்து பேராளர்களை வரவழைத்து வேட்பாளரைத் தேர்ந்தது. அடுத்த ஓராண்டுக்குள் பெரிய கட்சிகளும் அவ்வழி வந்தன. அங்கே மாநாட்டுக்குத் திட்டமிடுவதென்றால் தோரணம் கட்டுவது மட்டும் அன்று. உண்மைப் பேராளர் எவர் என்று ஆராய ஒரு குழு, விதிகளை வகுக்க ஒரு குழு, கொள்கை அறிக்கை எழுத ஒரு குழு. பிறகு மாநிலம் மாநிலமாக எழுந்து தம் வாக்கெண்ணிக்கையைச் சொல்லவேண்டும்.

அந்த நாடு குற்றமற்றதோ? இல்லை. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மிசிசிப்பி மாநிலம் வெள்ளையரை மட்டுமே பேராளராக அனுப்பியது. பருத்திக் காட்டில் உழைத்த பேனி லூ ஏமர் என்னும் கருப்பினப் பெண்மணி, நாங்களே உண்மைப் பேராளர் என்று தம் தோழர்களோடு வந்து ஆய்வுக் குழுவின் முன் நின்றார். வாக்காளராகப் பதியச் சென்றதற்காகத் தாம் வேலை இழந்ததையும் சிறையில் அடிபட்டதையும் நாடே கேட்க எடுத்துரைத்தார். இரண்டு இருக்கை தருகிறோம் என்றனர் தலைவர்கள். வேண்டா என்று மறுத்தனர் அம்மக்கள். நான்காண்டு கழித்து, 1968 மாநாட்டில், அதே அம்மையார் பேராளராக அமர்ந்தார். ஆனால் அந்த 1968இலேயே, மாநிலங்களில் நடந்த முன்தேர்தல் எதிலும் நிற்காத ஒருவரை வேட்பாளராக்கியதால் எழுந்த கொதிப்பு விதிகளையே மாற்றச் செய்தது. 1972 முதல் மாநிலந்தோறும் மக்கள் நேரே வாக்களித்தே பேராளரில் பெரும்பாலோரை முடிவு செய்கின்றனர். இன்று அங்கும் மாநாடு பெரிதும் காட்சியாகிவிட்டது என்பது மெய். 1952க்குப் பின் எந்தப் பெரிய கட்சிக்கும் இரண்டாம் சுற்று வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை. ஆயினும் அங்கே பெட்டி பந்தலிலிருந்து ஊருக்கு இடம்பெயர்ந்தது. இங்கே பெட்டி பந்தலிலும் இல்லை, ஊரிலும் இல்லை.

உடனே ஒரு குரல் எழும்: கட்டுப்பாடு என்னாவது? உட்பகை வளராதா? 1924இல் அதே அமெரிக்காவில் சனநாயகக் கட்சி 103 சுற்று வாக்கெடுத்தும், கடைசியில் தேர்தலில் தோற்கவில்லையா என்று படித்தவர் கேட்பர். தோற்றதுதான். நேர்காணலில் தேர்ந்த வேட்பாளர் எவரும் தோற்றதில்லையோ? பட்டியல் வந்த அன்றே கொடி எரிப்பதும் போட்டி வேட்பாளராய் நிற்பதும் எந்தக் கட்டுப்பாட்டின் விளைவு? கேட்டுத் தோற்றவன் அடங்குவான். கேளாது ஒதுக்கப்பட்டவன் அடங்கான். ஆனால் ஒன்று: பெட்டி வைத்தால் அதன் தீர்ப்பை ஏற்கும் நெஞ்சும் வேண்டும். 1939இல் சுபாசு சந்திரபோசு 200 வாக்குக்குச் சற்று மேலான வேறுபாட்டில் பட்டாபி சீதாராமையாவை வென்று காங்கிரசுத் தலைவரானார், திரிபுரி மாநாடு அவர் கைகளைக் கட்டியது, ஏப்ரலில் விலகினார். 2022இல் அதே கட்சி பெட்டி வைத்துக் கார்கேக்கு 7,897, சசி தரூருக்கு 1,072 என்று எண்ணியது. நன்று! தலைவரைத் தேர்ந்தெடுக்க இயலுமானால், தொகுதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இயலாதது ஏன்?

சாதி புகுந்துவிடும் என்பது மற்றொரு குரல். இப்போது மட்டும் சாதி வெளியே நிற்கிறதா? நேர்காணலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதே அது. பொன்னேரி தனித்தொகுதி, தாழ்த்தப்பட்டோருக்கு உரியது, உரியதாகவே இருக்கட்டும். எங்கள் குப்பத்தான் நிற்கட்டும், எங்கள் சாதியான் நிற்கட்டும் என்று நாம் கேட்கவில்லை. நிற்பவர் எவராயினும், அவர் நம்மிடம் வந்து நம் வாக்கைப் பெற்று நிற்கட்டும் என்கிறோம். இந்த வேறுபாட்டை உணராதார் வேண்டுமென்றே உணராதிருக்கிறார் என்போம்.

இதனால் நமக்கென்ன என்று வலை தைக்கும் தோழர் கேட்கிறார். சொல்கிறோம். முகத்துவாரம் தூர்கிறது, தூர்ந்தால் கடல்நீர் ஏரிக்குள் வாராது, இறால் குஞ்சு வாராது, படகு கடலுக்குப் போகாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வந்தபோது ஏரியும் கரையும் என்னாகும் என்று அஞ்சி நம் மக்கள் திரண்டனர். மேடைதோறும் வாக்குறுதி கேட்டோம். ஆனால் வேட்பாளர் அஞ்சுவது எவருக்கு? படிவம் பி எவர் கையில் இருக்கிறதோ அவருக்கு. வென்றபின் மன்றத்தில் கொறடாவின் ஆணையை மீறினால், 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறிக்கும். உள்ளே போகுமுன்னும் நம்மைக் கேட்கவில்லை, போனபின்னும் நம்மைக் கேட்க இயலாது. நம் கைக்கு எட்டும் இடம் ஒன்றே. வேட்பாளர் ஆகுமுன் இருக்கும் சில நாட்கள்.

ஊரானைக் குறைகூறுமுன் நம் வீட்டையும் பார்க்கவேண்டுமல்லவா? நம்மிடம் பாடு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்நாளில் எவர் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் மரபு. பணக்காரனுக்கு நல்ல பாடு, ஏழைக்குக் கெட்ட பாடு என்பதில்லை; முறை மாறி மாறி வரும். கட்சித் தலைமைகளுக்கு இதனைப் பாடமாகவே வைக்கலாம். ஆனால் அந்தச் சீட்டில் எவர் பெயர் உண்டு? தலைக்கட்டு ஆண்களின் பெயர். பட்டினவர் அல்லாதார் பெயர் மரபில் இல்லை. கழுத்தளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் மக்கள் பெயர் இல்லை. மீனைக் கூடையில் ஏற்றிச் சந்தைக்குச் சுமந்து குடும்பத்தைக் காக்கும் நம் தாய், தமக்கை, மனைவி பெயர் இல்லவே இல்லை. மாநாட்டு வேனில் மட்டும் பெண்கள் பாதி வேண்டுமாம். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்களுக்கு நிற்கவும் இடமில்லை!

ஆகவேதான் தலைக்கட்டுக்கு ஒரு வாக்கு என்ற பேச்சை ஏற்கோம். ஆளுக்கு ஒரு வாக்கு. மறைவாக அளிக்கும் வாக்கு. ஊர் கூடி இன்னாருக்கே என்று கட்டளையிட்டால், கட்சிப் பெட்டியும் பஞ்சாயத்தார் பெட்டியாகிவிடும். தலைமையின் நேர்காணலுக்குப் பதில் நாட்டாண்மையின் நேர்காணல், வேறென்ன?

எந்தப் பெரும்புரட்சியையும் கேட்கவில்லை. கட்சிகள் உறுப்பினர் பட்டியலைக் குப்பந்தோறும் பலகையில் ஒட்டட்டும். போலிப் பெயர் இருந்தால் நாமே அடித்துக் காட்டுவோம். விருப்ப மனு கொடுத்தவர்கள் ஊருக்கு வந்து, முகத்துவாரத்தைப் பற்றி என்ன செய்வர் என்று நின்று பேசட்டும். பிறகு பெட்டி. எண்ணுவது எல்லார் கண்முன்னும். அந்த எண்ணிக்கைத் தாளை இணைத்தபின் படிவம் பியில் கையெழுத்துப் போடட்டும். தொகுதி மாநாடு வேண்டுமா, அதன்பின் நடத்திக்கொள்ளட்டும். பந்தலும் தோரணமும் அவர்கள் விருப்பம்.

வாக்கெடுப்புக்கு நேரம் குறிக்கும் குழுவுக்கு ஒரு சொல். காலை வேண்டா. விடியலில் கரையில் ஏலம் நடக்கும். ஏலம் முடிந்ததும் பெண்கள் கூடையோடு சந்தைக்குச் சென்றுவிடுவர். மாலை 4 மணிக்குமேல் வையுங்கள், விளக்கோடு. 9 மணிவரை திறந்திருக்கட்டும். பள்ளிக்கூட வராந்தா போதும். பந்தல் தேவையில்லை.