மெட்டுக்கு ஊர் ஏது?



சென்ற ஞாயிறு மாலை குடும்பத்தோடு மல்லேசுவரம் சென்று திரும்புகையில் சௌடையா நினைவு மண்டபத்தைக் கடந்து வந்தோம். மைசூர் டி. சௌடையா (1895–1967) அவர்களின் நினைவாக, பிடிலின் வடிவிலேயே 1980-ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. ஒலிபெருக்கி பரவாத நாளில், சபையின் கடைசி வரிசைக்கும் நாதம் எட்ட வேண்டுமென்று நான்கு தந்திப் பிடிலை ஏழு தந்தியாக்கிய பெருவித்துவான் அவர். பிடில் பயிலத் தொடங்கி ஒன்பதே மாதமான நம் மகள் மண்டபத்தைச் சுட்டிக்காட்டி, "அப்பா, பிடில் நம்ம வாத்தியமா, வெள்ளைக்காரர் வாத்தியமா?" என்று கேட்டாள். வீடு வரும் வரை விடை சொல்ல வேண்டியதாயிற்று.

வாத்தியம் மேற்கிலிருந்து வந்தது, அதில் ஐயமில்லை. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்த காலத்தில், அவர்தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, நம் சங்கீதத்தை அதில் வாசித்துக் காட்டினார். அண்ணாரோ புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகள் அமைத்தார். 'நோட்டு ஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவையே.

நம் மகள் பாடம் செய்திருக்கும் 'வந்தே மீனாக்ஷி' அவற்றுள் ஒன்று. துதி மதுரை அம்மனுக்கு உரியது. மெட்டோ அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தைச் சேர்ந்தது. 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்பது அங்கே அதன் பெயர். மாலோ என்ற ஊரின் உல்லாச இளைஞரைப் பற்றிய பாட்டு அது. 'சந்ததம் பாஹிமாம்' என்ற கிருதியின் மெட்டு ஆங்கிலேயரின் அரச வாழ்த்து; அது 1744-இல் அச்சேறியது; ஆயினும் அதைக் கட்டியவர் இன்னார் என்று எவராலும் நிறுவ முடியவில்லை.

பழைய பிடில் மெட்டுகள் பெரும்பாலும் இத்தகையனவே. குடியானவர் பாடியதைப் பிடில்காரர் ஆட்டத்துக்கு வாசித்தார். ஆட்டத்துக்கு வாசித்ததைச் சிப்பாய்கள் அணிநடைக்கு எடுத்துக்கொண்டார்கள். அணிநடை கடல் கடந்து கோட்டைக்கு வந்தது. கோட்டையிலிருந்து பூஜை அறைக்கு வந்தது. நம்மவரிடத்தும் இதே கதைதான். முருகன் மலைக்குக் காவடி எடுத்தோர் நடையிலே பிறந்த சிந்து, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கையில் இலக்கியமாகிக் கச்சேரி மேடை ஏறிற்று. மகுடியின் ஓசையைப் புன்னாகவராளியிலும், தொட்டிலோரத்துத் தாலாட்டை நீலாம்பரியிலும் கேளாதார் யார்?

இவ்வளவும் கேட்ட மகள், "அப்படியானால் பாட்டி பாடுவாங்களே, அதையும் பிடிலில் வாசிக்கலாமா?" என்றாள். அங்கேதான் நாம் திகைத்தோம்.

நம் அன்னையார் ஜோலார்பேட்டைக்கு அருகே உள்ள சிற்றூரிலிருந்து வந்து, ரயில்வே குடியிருப்பில் நம்மோடு ஒன்பது ஆண்டுகள் இருந்தார். காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய தாலாட்டை நாம் முனகினோம். மகள் பின்தொடர்ந்து வாசித்தாள். கால் மணி நேரத்தில் மெட்டு வந்துவிட்டது. சொற்கள் வரவில்லை. நான்கு அடிக்குமேல் நம் நினைவில் இல்லை. எந்த மாமன் என்ன சீர் கொண்டுவந்தான், எந்த ஏரிக்கரையில் யார் காத்திருந்தார் என்ற செய்தியெல்லாம் அந்த அம்மையாரோடு போயின. பார்சல் அலுவலகத்தில் சீட்டுக் கழன்ற மூட்டைகளை அன்றாடம் பார்க்கிறோம். உள்ளே பொருள் பத்திரமாக இருக்கும், உடையவர் பெயர் மட்டும் இராது. ஒன்பது ஆண்டுகளில் ஒருநாள் மாலை ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காரத் தவறினோமே என்ற வருத்தம் நமக்கு நீங்கவில்லை.

இவ்விடத்தில் ஒருவரை நினைக்க வேண்டும். மாலோ ஊர் உள்ள அதே கார்க் மாவட்டத்தில் 1848-இல் பிறந்தவர் பிரான்சிஸ் ஓநீல். இளமையிலேயே கப்பலேறிச் சென்று, அமெரிக்காவில் குடியமர்ந்து, 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரப் போலீஸ் தலைவராக இருந்தார். தம்மைப்போல் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரரைத் தேடிப் பிடித்து, அவர்கள் அறிந்த மெட்டுகளைக் கேட்டார். அவருக்கு ஸ்வரக் குறிப்பு எழுதத் தெரியாது. அவர் வாசித்துக் காட்ட, போலீஸ் உத்தியோகத்திலிருந்த ஜேம்ஸ் ஓநீல் என்ற நண்பர் எழுதினார். 1903-இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பில் 1850 மெட்டுகள் உள்ளன. அவர்களும் நம்மைப்போல் உத்தியோகம் பார்த்தவர்களே. நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவர்களே.

மெட்டு எப்படியோ பயணச்சீட்டு இன்றிப் பயணம் செய்துவிடுகிறது. எந்த மொழிச் சொல்லையும் ஏற்றுக்கொண்டு பிழைத்துவிடுகிறது. சொல் அப்படியன்று; அதை ஒருவர் சுமந்தாக வேண்டும். இந்நகரில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்று வளரும் நம் பிள்ளைகள், பாட்டியின் மெட்டை ஒருவேளை முனகக்கூடும். அவர் சொற்களை நாம் எழுதித் தந்தாலன்றி அறியமாட்டார்கள்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்தில் முதியோர் எவரேனும் இருப்பின், இந்த மாதத்துக்குள் ஒரு மாலையை அவருக்கென ஒதுக்குங்கள். தாலாட்டோ, கும்மியோ, நடவுப் பாட்டோ, அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு சொல்லுக்குச் சொல் எழுதி, எந்த ஊர், யாரிடம் கற்றார் என்பதையும் குறியுங்கள். "எனக்கென்ன தெரியும்" என்றுதான் முதலில் சொல்வார், விடாமல் கேளுங்கள். எழுதியதன் படி ஒன்றைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். இப்பகுதியில் மாதம் ஒன்றாக வெளியிடுவோம்.

முதலாவதாக, நம் அன்னையாரின் நான்கு அடிகளை அடுத்த இதழில் தருகிறோம். வடாற்காடு, சேலம் பக்கத்து நேயர் எவருக்கேனும் ஐந்தாவது அடி தெரிந்திருந்தால், அன்புகூர்ந்து எழுதுவீர்களாக.