ஓரியின் அம்பும் ஒற்றை ஊசியும்

ஓர் அம்பு எய்தான் வல்வில் ஓரி. யானை வீழ்ந்தது, புலி சாய்ந்தது, மான் உருண்டது, பன்றி மாண்டது, புற்றிலிருந்த உடும்பும் தப்பவில்லை! புறநானூறு போற்றும் அந்த வீரம் விளைந்த கொல்லிமலையில்தான் நாம் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவோர் அருவியில் நீராடுகின்றனர், அறப்பளீசுவரரை வணங்குகின்றனர், அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். நாமோ இங்கேயே இருப்பவர்கள். எனவே, இன்னோர் அம்பைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த அம்பு, ஊசி! ஒருவர் உடலில் நுழைந்து, தூய்மை செய்யப்படாமலே அடுத்தவர் உடலிலும் நுழையும் ஊசி. ஓரியின் அம்பு பட்ட விலங்கு அன்றே வீழ்ந்தது. இந்த ஊசி பட்டவரோ பல ஆண்டுகள் கழித்து, ஈரல் சுருங்கியோ, ஈரலில் புற்று மூண்டோ வீழ்கிறார். கற்பனையல்ல இது. 2009ஆம் ஆண்டு, குசராத்து மாநிலத்து மொடாசாவில், பயன்படுத்திய ஊசிகளே மீண்டும் பயன்பட்டதால் 'ஹெப்படைடிஸ் பி' பரவிப் பலரைப் பலி கொண்டது.

அந்நோயைப் பற்றி என்ன தெரியும் என்று நம் வகுப்பில் ஒருநாள் கேட்டோம். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் இருந்தனர். அடிவாரத்துப் பிள்ளைகள் இருந்தனர். வணிகம் செய்ய மலையேறிய குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர். "கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போய்விடும், ஐயா" என்றான் ஒருவன். "அழுக்குத் தண்ணீரால் வருவது" என்றான் மற்றொருவன். "தொட்டால் ஒட்டிக்கொள்ளும், தட்டைத் தனியாக வைக்க வேண்டும்" என்றாள் ஒரு மாணவி. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அது மலைக்காரர்களுக்கு வருவது, ஐயா." வகுப்பில் பாதி தலை குனிந்தது.

குலம் வேறு, குடி வேறு, ஊர் வேறு. ஆனால் அறியாமையில் மட்டும் எத்தகைய சமத்துவம்!

மாணவர்மீது சினம் கொள்ள நமக்கு உரிமையில்லை. பட்டம் பெற்று வந்த நாமே, அந்தத் தடுப்பூசியை நாம் போட்டுக்கொண்டோமா என்று கேட்டால் விழித்திருப்போம். கற்பிக்காதவன் குற்றத்தைக் கல்லாதவன் தலையில் சுமத்தலாமா?

கீழாநெல்லிக்கு வருவோம். நாம் மூலிகைக்குப் பகைவரல்லர். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அதைச் சோதித்து நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டனர். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. அறிவியலின் நேர்மை அதுதான்: நம்முடையது என்பதற்காக ஒன்றை ஏற்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. அப்படியானால் சாறு குடித்தவர் பிழைத்தது எப்படி என்பீர்கள். வளர்ந்தவர்களுக்கு இந்நோய் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தாமாகவே தேறிவிடுகின்றனர். உடல் வென்ற போருக்கு வைத்தியர் மாலை சூடிக்கொள்கிறார்! பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடுகிறது. கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது, குழந்தை வளரும், பள்ளிக்கு வரும், பந்தாடும். உள்ளே ஈரல் மெல்ல மெல்ல அரிக்கப்படும். மஞ்சள் நிறம் தோன்றட்டும் என்று காத்திருப்பவன், வீடு எரிந்து முடியட்டும் என்று காத்திருப்பவனே.

தண்ணீரால் வருவது வேறு வகைக் காமாலை. இந்த 'பி' நச்சுயிரி பரவுவது இரத்தத்தால், பாதுகாப்பற்ற உடலுறவால், பேறுகாலத்தில் தாயிடமிருந்து சேய்க்கு. திருவிழாக் கடைத்தெருவில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துவதும், ஒரே சவரக்கத்தி பல தலைகளில் ஓடுவதும் அதற்கு வாசல் திறக்கும். உடலுக்கு வெளியேயும் ஏழு நாள் உயிர்த்திருக்கக் கூடியது அது.

ஆனால் ஒரே பந்தியில் உண்டால் வராது, ஒரே பலகையில் அமர்ந்தால் வராது, கைகோத்தால் வராது! பின் எதற்குத் தனித் தட்டு? தனிக் குவளை எங்கிருந்து வந்தது என்று இந்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டுமா? தேநீர்க் கடையிலிருந்து நாம் விரட்டப் பாடுபட்ட தீண்டாமை, மருத்துவச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியே நுழைகிறது. அனுமதியோம்!

"மலைக்காரர் நோய்" என்ற சொல்லுக்கும் விடை இறுப்போம். 1960களில் அமெரிக்க அறிஞர் புளம்பெர்க், பல நாட்டு மக்களின் இரத்தத்தை ஒப்பிட்டு ஆய்ந்தபோது, ஆத்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இந்நச்சுயிரியின் அடையாளத்தைக் கண்டார். 1976இல் நோபல் பரிசும் பெற்றார். கண்டது பழங்குடியின் இரத்தத்தில். நோயோ கண்டம் கடந்தது. 2022இல் உலகில் சுமார் 25 கோடிப் பேர் இதனைச் சுமந்திருந்தனர்; அவர்களில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. இத்தனை கோடியும் மலைக்காரரா?

இந்தியப் பழங்குடியினரிடையே, குறிப்பாக அந்தமான் தீவுகளின் சில குடிகளிடையே, இது மிகுந்திருப்பதாக ஆய்வுகள் காட்டியது உண்மை. அது இரத்தத்தின் குற்றமா? இல்லை. மருத்துவர் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடத்தில் தாய் சேய்க்குத் தந்த நோய் தலைமுறை தாண்டும். அது வழி போடாதவர் குற்றம், வழியில்லாதவர் குற்றமன்று.

தடுப்பூசி 1980களிலேயே உலகுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் பரவலாக வந்தது 2007-08க்குப் பிறகே. நம் மாணவரின் அண்ணன்மாரும் அக்காமாரும் அதற்கு முன் பிறந்தவர்கள். நாளை தாயாகப் போகிறவர்கள் அவர்களில் எத்தனை பேர்!

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு பள்ளியிலும் தடுப்பூசி அட்டையைப் பார்த்துக் கணக்கெடுங்கள். விடுபட்ட பிள்ளைக்கு ஆறு மாதத்தில் மூன்று தவணை போடுங்கள். கருவுற்ற தாய்க்கெல்லாம் சோதனை செய்யுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி சேரட்டும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டம் சோதனையும் சிகிச்சையும் இலவசம் என்கிறது. அச்செய்தி எழுபதாவது வளைவையும் தாண்டட்டும்.

அடுத்த நாள் வகுப்பில் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். நண்பகல் உணவு வேளையில், தலை குனிந்திருந்த மாணவனின் அருகே, கடைசி வரிசைக்காரன் தன் தட்டோடு வந்து அமர்ந்தான். பதினைந்து வயதுச் சிறுவனுக்கு ஒரே நாளில் விளங்கியது, பெரியவர்களுக்கு விளங்க இன்னும் எத்தனை நாள் வேண்டும்?