ஓய்வு பெற்றோரும் நீர்வழியும்

நமது தேசத்தில் அறுபது வயதானவுடன் உத்தியோகஸ்தர் திண்ணைக்குத் திரும்பிவிடுகிறார். பென்ஷன் வாங்குவது, பேரக் குழந்தைகளைப் பள்ளியில் விட்டு வருவது, வைத்தியரைப் பார்ப்பது, இவற்றோடு வாழ்க்கை முடிந்ததென்று அவரும் எண்ணுகிறார், வீட்டாரும் எண்ணுகின்றனர். மேல்நாடுகளிலோ ஓய்வு பெற்ற தம்பதிகள் சிலர் வீட்டை விற்று, மோட்டார் படகொன்றை வாங்கி, அதையே இல்லமாக்கிக்கொண்டு சமுத்திரங்களைக் கடந்து வாழ்கின்றனர். இதைப் பணக்காரரின் பைத்தியம் என்று நம்மவர் ஒதுக்கிவிடுவர். அப்படி ஒதுக்குவது பிசகு என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வாழ்க்கைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற காப்டன் ராபர்ட் பீபி. பாய்மரத்தோடு போராட முதிய உடல் இடங்கொடாது. ஆகவே எஞ்சினே சமுத்திரத்தைத் தாண்ட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அவர் வரைந்த 50 அடிப் படகு கட்டப்பட்ட இடம், தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சிங்கப்பூர். 1963-ல் அது அங்கிருந்து புறப்பட்டு, நமது இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து கிரீஸ் தேசம் சேர்ந்தது. அவர் கையாண்ட யுக்தி எளியது. வேகம் சிறிது கூடினாலும் எண்ணெய்ச் செலவு மிகக் கூடும். நிதானமாகச் சென்றால் நிரப்பிய தொட்டியோடு மகா சமுத்திரத்தைத் தாண்டலாம். பாயில்லாத படகு அலையில் உருளாதிருக்க, இருபுறமும் கழிகளை நீட்டி நீருக்குள் தகடுகளைத் தொங்கவிட்டார். தமது அனுபவங்களை 1975-ல் நூலாகவும் வெளியிட்டார். முதுமைக்கு இயல்பான நிதானமே இங்கு பலமாயிற்று.

நம்மவருக்குக் கடலில் திறமை இல்லையா? கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவடி விடாமல் தூண்டியதன் பயனாக, கோவாவில் கட்டிய பாய்மரப் படகில் திலீப் தோண்டே 2009-10-ல் தனியராக உலகைச் சுற்றி வந்தார். அபிலாஷ் டோமி பதவியை விட்ட பிறகே 2023-ல் கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாமவராக வந்தார். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, தோழி தில்னாவோடு 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார். திறமைக்குக் குறைவில்லை. சாதாரண மனிதர் பழகிக்கொள்ள அமைதியான நீர்வழிதான் இல்லை.

அந்த நீர்வழியும் நம்மிடம் இருந்ததே! திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் குன்று நிற்கிறது. 1760-ல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இங்கேதான். குன்றைக் கடந்து கிழக்கே போனால் உப்பளங்களும், அப்பால் கடலும். சங்க நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்கேதான். 1877-78-ல் தாது வருஷப் பஞ்சத்தில் வாடிய ஏழைகள் கூலிக்கு மண் சுமந்து அதன் ஒரு பகுதியை வெட்டினர். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அவ்வழியே சென்னை சென்றன. அக்கால்வாய்க்குள்தான் பின்னாளில் சென்னையில் பறக்கும் ரெயிலின் தூண்களை நாட்டினோம்; சாக்கடையையும் திருப்பிவிட்டோம். 2008-ல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள இவ்வழியை, மரக்காணத்தை அடுத்த கழுவெளியையும் சேர்த்து, நான்காவது தேசிய நீர்வழி என்று அறிவித்தனர். அறிவிப்பு வந்தது; மரக்காணத்துக்குப் படகு வரவில்லை.

வெயிலில் காயும் உப்பளத் தொழிலாளிக்கு முதுமையில் போதிய ஆதரவில்லாதபோது, படகு வாழ்வைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். அவர்களுக்குரிய பென்ஷனை நாம் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கால்வாய் தூர் வாரப்பட்டால் உப்புக்கு மலிவான பாதை கிடைக்கும். வலை வீச இயலாத முதிய மீனவருக்குப் படகோட்டும் தொழில் கிடைக்கும். கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம். ஆகையால் அங்கே விரைவுப் படகுகள் நுழையலாகாது. நாம் கேட்பது மெல்லச் செல்லும் சிறு படகுகளுக்கான வழியே.

ஸர்க்கார் முதலில் மரக்காணம் முதல் முட்டுக்காடு வரையேனும் தூர் வாரட்டும். சாக்கடையை நிறுத்தட்டும். படகுத்துறைகளும் குடிநீரும் அமைக்கட்டும். சிறு படகில் குடியிருக்க எளிய அனுமதி விதி வகுக்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரும் குமாஸ்தாவும் எஞ்சினியரும் இதைக் கோரி மனுச் செய்ய முன்வர வேண்டும். பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் வெட்டித் தந்த வழி அது. அதைக் கழிவுநீருக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது ஓய்வாகாது.