ஓசை கேட்டதும் தோண்டலாமா?

உலோகம் கண்டறியும் கருவி புதையலைக் காட்டுவதில்லை. மண்ணுக்குள் ஏதோ ஓர் உலோகம் இருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. அதன் கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அப்புலம் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. அதன் விளைவையே கருவி ஓசையாக மாற்றுகிறது.

ஆழம் மிகுந்தால் ஓசை மங்கும், ஐயமும் மிகும். ஆழத்தில் கிடக்கும் பெரிய இரும்புத்துண்டு, மேலே கிடக்கும் சிறு காசைப் போல ஒலிக்கக்கூடும். இரும்புத்தாது மிகுந்த செம்மண்ணே பொய்யோசை எழுப்புவதும் உண்டு. ஆகவே, பழகியவர் உடனே மண்வெட்டியை எடுப்பதில்லை; கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்திக் கேட்பார். ஒரு திசையில் ஒலித்து, மறுதிசையில் மறைவது பெரும்பாலும் துருப்பிடித்த ஆணியாகவே இருக்கும்.

அப்படிச் சோதித்தும் ஐயம் தீராத ஆழ்ந்த ஓசையை என்ன செய்வது? தொல்லிடங்களில் தோண்டாது விடுவதே அறிவுடைமை. சின்னக்கானல் அமைந்துள்ள இடுக்கி மாவட்டத்திலேயே, மறையூரில் பெருங்கற்கால முனியறைகள் உள்ளன. இத்தகைய இடங்களில் ஒரு பொருளின் காலத்தை அறிய, அது கிடக்கும் மண்ணடுக்கும் உடன்கிடக்கும் பொருள்களும் வேண்டும். கீழடியில் 2015இல் தொடங்கிய அகழாய்வில் குழிகளை அளந்து, அடுக்கடுக்காகப் பதிவு செய்தது இதற்காகவே.

“நாம் எடுக்காவிடில் பிறர் எடுத்துவிடுவர்” என்பார் உளர். அடுக்கைக் கலைத்து எடுப்பவர் யாராயினும் அவருக்குக் கிடைப்பது பொருள் மட்டுமே. அதன் வரலாறு எவர்க்கும் கிடைக்காமற் போகும். எனவே, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே தொடக்கநிலையாளர் கற்கவேண்டிய முதற் பாடம்.