தோட்டத்துப் பக்கம்: கிணற்றடிக் கறிவேப்பிலை

சென்ற ஆண்டு இப்பகுதியில் நான் எழுதிய செய்தி ஒன்றை இத்திங்கள் திருத்தி எழுதக் கடமைப்பட்டுள்ளேன். எங்கள் வீட்டுத் தெச்சிப் பூக்களுக்கு மூன்று வகைக் கரிய வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன என்றும், அவற்றுள் வெள்ளைப் புள்ளி வரிசை உடைய ஒன்றே கறிவேப்பிலைச் செடிக்கு உறவு, சிவப்புப் புள்ளி உடைய மற்ற இரண்டும் வெறும் விருந்தினர் என்றும் எழுதியிருந்தேன். அது பிழை. அப்பிழையை எனக்குக் காட்டியது நூலன்று. ஓராண்டுக் காலம் ஒரே செடியருகில் நின்று எடுத்த புகைப்படங்களே.

வெள்ளறடையை விட்டுத் தொலைவில் வாழும் அன்பர்களுக்கு எங்கள் தோட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் ரப்பர், நடுவே கொஞ்சம் மரச்சீனி, வாழை, தென்னை, கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டுச் சந்தைக்குப் போய்வருவோர் இரு மாநிலங்களிலும் கால் வைத்துத்தான் திரும்புகின்றனர். எங்கள் பூச்சிக்கும் அவ்வாறே இரு பெயர்கள் உண்டு. மலையாளத்தார் நாரகத்தை நினைந்து அதனை நாரகக்காளி என்கின்றனர். தமிழில் கறிவேப்பிலை அழகி என்பர். இரு பெயரும் அதன் புழு உண்ணும் இலையைக் கொண்டே அமைந்தன. கேரளம் 2018இல் புத்தமயூரியையும், தமிழகம் 2019இல் தமிழ் மறவனையும் மாநில வண்ணத்துப்பூச்சிகளாக ஏற்றன. நம் வீட்டுப் பூச்சிக்கு அத்தகைய பட்டம் ஒன்றும் இல்லை. அடுக்களை வாசல் மட்டுமே உண்டு.

ஆண் பூச்சி கரியது. பின்னிறகின் குறுக்கே வெண்புள்ளிகள் ஒரு வரிசையாக நிற்கும். இதில் எனக்கு ஐயம் எழவில்லை. ஐயம் எழுந்தது ஆனி மாதத்து ஒரு காலைப்பொழுதில். விருந்தினர் என்று நான் எழுதிய சிவப்புப் புள்ளிப் பூச்சி ஒன்று கறிவேப்பிலைக் கொழுந்தின்மேல் படபடத்து நின்று, வயிற்று நுனியை வளைத்து, இளமஞ்சள் நிறமான ஒரு சிறு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்தது. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் உடல் கறுப்பு. பழைய படங்களை எல்லாம் திரும்பப் புரட்டினேன். சிவப்புப் புள்ளி உடையவற்றுள் சிலவற்றின் உடல் குருதிபோல் சிவந்திருந்தது. சிலவற்றின் உடல் கரியதாக இருந்தது. இறகின் அழகிலே மயங்கிய நான் அதுவரை உடலைப் பார்க்கவேயில்லை.

உண்மை இதுதான். உடல் சிவந்தவை ரோசா அழகி, சிவப்புடல் அழகி என்னும் வேறு இனங்கள். அவற்றின் புழுக்கள் ஈசுவரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை அவற்றைத் தின்று துன்புற்ற பறவை மறுமுறை நாடுவதில்லை. கறிவேப்பிலை அழகிக்கு அந்நஞ்சு இல்லை. ஆயினும் அதன் பெண்களுள் சில ரோசா அழகியின் உடையையும், சில சிவப்புடல் அழகியின் உடையையும் பூண்டு வருகின்றன. சில ஆணைப் போலவே வெண்புள்ளி வரிசையோடு இருக்கின்றன. ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே இருவேறு உடையுள்ள பெண்கள் பிறத்தல் கூடும். உடை மூன்று, இனம் ஒன்று.

இவ்வாறு ஏமாந்தவன் நான் ஒருவனல்லேன் என்பதில் சிறிது ஆறுதல் உண்டு. உயிர்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ் 1758இல் இப்பூச்சியின் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு வேறொரு பெயரும் இட்டு, இரண்டையும் இரண்டு இனங்களாகவே எழுதினார். பல உடை பூண்ட இப்பெண்கள் ஓரினத்தனவே என்பதையும், உடை மாற்றத்தின் பயனையும் வாலேஸ் 1865இல் விளக்கினார். எந்த உடை என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எது என்பது 2014இல்தான் வெளிப்பட்டது. அவ்வாராய்ச்சியில் முதன்மையானவர் நம் நாட்டு அறிஞர் கிருஷ்ணமேக் குண்டே. ஆண் பெண் வேறுபாட்டை உடலில் அமைக்கும் மரபணுவே இவ்வுடையையும் தீர்மானிக்கிறதாம்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு முந்திய ஆண்டு, இடவப்பாதி மழை தொடங்கிக் கறிவேப்பிலை தளிர்த்த வேளையில், இலைமேல் பறவை எச்சம் போன்ற சிறு புழுக்கள் தோன்றின. சில நாளில் அவை பசுமையாகித் தடித்தன. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் பரப்பின. ஒன்றைப் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டி, மருந்து வாங்கிவந்து தெளித்தேன். மறுநாள் காலையில் பதினொரு புழுக்கள் செடியடியில் சுருண்டு கிடந்தன. அதன்பின் பல வாரங்கள் அச்செடியின் இலையைக் குழம்பில் இட அஞ்சி, செடியை வீட்டில் வைத்துக்கொண்டே என் மனைவி சந்தையில் கறிவேப்பிலை வாங்கினாள்.

முட்டையிட்ட பூச்சியைக் கண்ட பின்னர் அப்பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அதே புழு. முன்வாசல் தெச்சியில் எந்த அழகைக் கண்டு வியந்து உங்களுக்கு எழுதினேனோ, அதன் குழந்தைகளையே பின்வாசலில் என் கையால் கொன்றிருக்கிறேன். இரண்டும் ஒன்றென அறியாமையே காரணம். அறியாமை குற்றத்தைக் குறைக்கலாம். அந்தப் பதினொன்றையும் திருப்பித் தராது.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் உடன்பாடு உண்டு. பழைய செடி அடுக்களைக்கு. அதற்கு அப்பால் நட்ட புதிய கன்று புழுக்களுக்கு. பழைய செடியில் காணும் புழுவை இலையோடு எடுத்துக் கன்றில் விடுகிறோம். கன்று மொட்டையாகிறது, மழை பெய்ததும் மீண்டும் தளிர்க்கிறது. எங்கள் குறிப்பேட்டின்படி முட்டை பொரிக்க மூன்று நான்கு நாள், புழுவாய் ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டில் பத்துப் பன்னிரண்டு நாள். இடுப்பில் கயிறு கட்டி மரத்தில் சாய்ந்து நிற்பவனைப் போலக் கூட்டுப்புழு ஒரு நூலை இடையில் சுற்றிக்கொண்டு சாய்ந்திருக்கும். பச்சைத் தண்டில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருக்கக் கண்டோம். ஆவணியில், ஓணப் பூக்களின் காலத்தில், இவை மிகுந்து பறக்கும். ஐப்பசி மழைக்குப் பின்னும் குறைவில்லை. மாசி பங்குனியில் தளிர் இல்லை. சில நாள் ஒன்றும் வராது. கோடை மழை ஒன்று பெய்து கொழுந்து விட்டதும் எங்கிருந்தோ ஒருத்தி வந்துவிடுவாள்.

படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். இப்பூச்சி தேன் குடிக்கும்போதும் இறகை அடக்காது. ஆகவே துரத்தாதீர்கள். காலையில் இறகை விரித்து வெயில் காயும். அவ்வேளையில் மெல்ல அணுகுங்கள். இறகை மட்டுமன்றி உடலும் தெளிவாக விழும்படி எடுங்கள். நாளும் நேரமும் படத்தோடு தாமே பதிவாகும். அதுவே உங்கள் குறிப்பேடு.

மும்பையிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ மாடித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் குடும்பத்தாரும் இப்பூச்சியைக் காணலாம்; அங்கெல்லாம் இது வாழ்கிறது. உங்கள் தொட்டிச் செடியின் இலைமேல் பறவை எச்சம் போல ஏதேனும் கிடந்தால், துடைக்குமுன் ஒரு படம் எடுத்து, மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். நான் பொறுக்காமற் போனதை எழுதியதன் பயன் அதுவே. அடுத்த திங்கள் தெச்சியைப் பற்றி எழுதுவேன்.