மலைக்கிராமப் பயிலரங்குகள்: கேட்கப்படுவோரும் முடிவெடுப்போரும்

2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய அரசு காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதன் எட்டு இயக்கங்களுள் ஒன்று இமயமலைச் சூழல் அமைப்பைப் பேணுவதற்கானது. அதைத் தொடர்ந்து மாநிலங்களும் தத்தம் செயல்திட்டங்களை வகுத்தன. அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், பன்னாட்டு நிதியமைப்புகள் ஆகியவற்றின் வழியாக ஒரு குறிப்பிட்ட கூட்ட வடிவமும் மலைக்கிராமங்களுக்குள் வந்து சேர்ந்தது. காலநிலைத் தகவமைப்புக்கான சமூகப் பயிலரங்கு என்று அது அழைக்கப்படுகிறது.

அதன் நிகழ்முறை பெரும்பாலும் ஒன்றே. பள்ளிக் கட்டடத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ மக்கள் கூடுகிறார்கள். வந்தோர் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. பெரிய தாளில் கிராமத்தின் வரைபடம் எழுதப்பட்டு, ஊற்றும் காடும் வயலும் பாதையும் குறிக்கப்படுகின்றன. எந்த மாதத்தில் மழை, எந்த மாதத்தில் விதைப்பு என்று பருவ அட்டவணை தயாராகிறது. இடர்கள் முதன்மை வாரியாக வரிசைப்படுத்தப்படுகின்றன. மதிய உணவு, நன்றியுரை, குழுப் புகைப்படம். பின்னர் அத்தாள்கள் சுருட்டப்பட்டு நகரத்துக்குச் செல்கின்றன. சில மாதங்களில் ஓர் அறிக்கை உருவாகிறது. அந்த அறிக்கையின் படி ஒன்று அதே கிராமத்துக்குத் திரும்பி வருவது அரிது.

இத்தகைய கூட்டங்கள் பயனற்றவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. மக்களைக் கேளாமலே திட்டம் தீட்டிய காலத்தோடு ஒப்பிட்டால், கேட்க வேண்டும் என்ற எண்ணமே ஒரு முன்னேற்றம்தான். கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. பயிலரங்கு முடிந்த மறுநாள், அதற்கு முந்தைய நாள் தன்னால் முடிவு செய்ய இயலாத எதைக் கிராமம் முடிவு செய்ய இயலும்? இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாத பயிலரங்கு, எவ்வளவு நேர்த்தியாக நடத்தப்பட்டாலும், மக்களிடமிருந்து தரவு திரட்டும் முறையாகவே எஞ்சுகிறது.

பயிலரங்குகளின் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: மலைவாழ் மக்களிடம் விழிப்புணர்வு குறைவு, அதை ஊட்டினால் அவர்கள் தகவமைத்துக்கொள்வார்கள் என்பது அது. இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்கள் இந்த ஊகத்தைப் பொய்யாக்குகின்றன. ஆப்பிள் மரம் சீராகப் பூத்துக் காய்க்கக் குளிர்காலத்தில் போதிய நேரம் தாழ்ந்த வெப்பநிலை வேண்டும். பழைய டெலீஷியஸ் வகைகளுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் ஏறத்தாழ 1,000 மணிநேரம் தேவைப்படும். குளிர்காலம் வெம்மையடைந்து பனிப்பொழிவு குறையத் தொடங்கியபோது, குலு பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிகளில் உழவர்கள் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறினார்கள். ஆப்பிள் சாகுபடி கின்னௌர், லாஹௌல் என உயரமான இடங்களை நோக்கி ஏறியது. வேறு சிலர் குறைந்த குளிரில் காய்க்கும் வகைகளை நட்டார்கள். மரம் பூக்காத ஆண்டுகளும் சந்தை விலையும் அவர்களுக்கு வேண்டிய செய்தியைத் தந்திருந்தன.

கார்வால் மலைகளின் பாராநாஜா முறையும் இதையே சொல்கிறது. பெயருக்கேற்பப் பன்னிரண்டு தானியங்கள் கலந்து விதைக்கப்படும் வயல் அது: கேழ்வரகு, ராமதானா எனப்படும் தண்டுக்கீரை தானியம், ராஜ்மா, கொள்ளு, உளுந்து எனப் பலவும் ஒரே நிலத்தில் வளரும். மழை தவறினால் ஒன்று போகும், மற்றொன்று நிற்கும். 1980களின் பிற்பகுதியில் தெஹ்ரி மாவட்டத்தில் தோன்றிய விதை காக்கும் இயக்கமான 'பீஜ் பச்சாவ் ஆந்தோலன்', தனிப்பயிர் முறையைப் பரப்பிய துறைகளுக்கு எதிராக இத்தகைய விதைகளைத் தேடித் திரட்டியது. இன்று தகவமைப்புப் பயிலரங்குகளில் 'பல்பயிர்ச் சாகுபடி' புதிய பரிந்துரையாக முன்வைக்கப்படும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் முதியவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது ஆய்வுக்குரிய பொருளே.

அறிவு இருந்தும் அதிகாரம் இல்லாத நிலைக்கு ரேணி கிராமத்தைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நிறுத்திய ஊர் அது. சிப்கோ இயக்கத்தின் வரலாற்றில் நிலைபெற்ற பெயர். அதே ஊர் மக்கள் ரிஷிகங்கை நீர்மின் திட்டப் பணிகளால் நேரும் சூழல் கேடுகள் குறித்து 2019இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தை நாடியிருந்தார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் சரிந்து வெள்ளமாகப் பாய்ந்தன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களுள் பெரும்பாலோர் நீர்மின் திட்டங்களின் தொழிலாளர்கள்.

அந்தச் சரிவை மின்திட்டம்தான் உண்டாக்கியது என்று சொல்ல இயலாது. ஆனால் அத்தகைய ஆற்றின் வழியில் எத்தனை கட்டுமானங்கள் இருக்கலாம், எத்தனை உயிர்கள் அங்கே வேலைக்கு நிறுத்தப்படலாம் என்பவை மனிதர்கள் எடுத்த முடிவுகள். பேரிடருக்குப் பின் ரேணியைச் சேர்ந்தவர்களையும் உள்ளடக்கிய ஐவர், திட்டங்களுக்கு அளிக்கப்பட்ட அனுமதிகளை எதிர்த்து மனு தாக்கல் செய்தார்கள். 2021 ஜூலையில் நீதிமன்றம் மனுவின் நோக்கத்தை ஐயுற்றுத் தள்ளுபடி செய்தது. தலா 10,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. தீர்ப்பின் சட்ட நியாயம் தனி விவாதம். ரேணி மக்களிடம் விழிப்புணர்வு குறைவாக இருந்தது என்று மட்டும் எவராலும் கூற முடியாது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மக்கள் அறிவே போதும், வெளியாரின் அறிவியல் வேண்டியதில்லை என்ற முடிவும் பிழையானது. மலைக்கிராமங்களின் குடிநீர் பெரும்பாலும் ஊற்றுகளிலிருந்தே வருகிறது. குமாவோனின் நௌலாக்களும் கார்வாலின் தாராக்களும் ஊற்றைச் சுற்றிக் கல்லால் எழுப்பப்பட்ட பழைய அமைப்புகள். நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய இமயமலைப் பகுதியின் ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வற்றிவருகின்றன அல்லது நீரளவு குறைந்துவருகின்றன என்று எச்சரித்தது. ஊற்று எங்கே பிறக்கிறது என்பதை ஊரார் அறிவர். அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குப் புலப்படுவதன்று. பாறை அடுக்குகளின் சாய்வைப் பொறுத்து, மீள்நிரப்புப் பகுதி மலையின் மறுசரிவில் இருக்கலாம். வேறோர் ஊராட்சியின் நிலமாகவும் இருக்கலாம். நிலநீரியல் பயிற்சி இல்லாமல் வெட்டப்படும் குழிகள் வேறெங்கோ நீரை அனுப்பும். மேலும், நினைவில் இருக்கும் பருவங்களைத் தாண்டிய மாற்றங்கள் வரும்போது, முன்னோர் அனுபவம் மட்டும் வழிகாட்டப் போதாது.

இவ்விரு அறிவுகளையும் இணைத்துக் காட்டியது சிக்கிம். அங்கே 2008இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டத்தை மாநில ஊரக வளர்ச்சித் துறை நடத்தியது. களப் பணியாளர்களுக்கு நிலநீரியலின் அடிப்படைகள் கற்பிக்கப்பட்டன. ஊற்றுகளின் நீரளவைத் தொடர்ந்து அளக்கவும், பாறையின் சாய்வைப் படிக்கவும், மீள்நிரப்புப் பகுதியை இனங்காணவும் அவர்கள் பயிற்சி பெற்றார்கள். பின்னர் சரிவுகளில் அகழிகளும் குட்டைகளும் வெட்டப்பட்டன. அதற்கான கூலி, தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நிதியிலிருந்து வந்தது. கற்பித்தல், உழைப்பு, நிதி ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததே அதன் சிறப்பு. பயிற்சி பெற்றவர் மறுநாள் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்குப் பணமும் இருந்தது.

லடாக்கின் அனுபவம் வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே விதைப்புக் காலமான வசந்தத்தில் நீர் இருப்பதில்லை; உயரத்துப் பனியாறுகள் உருகிவரச் சில வாரங்கள் தாமதமாகும். ஊரகத் துறைப் பொறியாளரான செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைச் சிறு தடுப்புகளால் உறையவைத்து, வசந்தத்தில் உருகவிடும் செயற்கைப் பனியாறுகளை 1980களிலிருந்து அமைத்தார். கருத்து எளியது, செலவும் குறைவு. ஆயினும் வெள்ளச் சேதம், ஆண்டுதோறும் மாறும் பனியும் வெப்பமும், ஊரின் பொருளாதார வாழ்வோடு முழுமையாகப் பொருந்தாமை ஆகியவற்றால் அமைப்புகளின் பயன் இடத்துக்கு இடம் வேறுபட்டதைப் பின்வந்த ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. லடாக் கிராமங்களில் பாசன நீரின் முறையைப் பேண 'சுர்போன்' என்னும் நீர்க்காவலரை ஊரே நியமிக்கும் வழக்கம் உண்டு. நீர் எவருக்கு, எப்போது, எவ்வளவு என்று தீர்க்கும் அத்தகைய அமைப்போடு இணையாத எந்தப் பொறியியலும் திட்டக் காலம் முடிந்ததும் தளர்ந்துவிடும்.

'சமூகம்' என்ற சொல்லும் விசாரிக்கப்பட வேண்டியது. 1980இல் சமோலி மாவட்டத்தின் டூங்ரி-பைந்தோலியில், சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற வசதிகள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில், ஊரின் கருவாலிக் காட்டை வெட்ட ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள். விறகும் தீவனமும் சுமந்துவரும் பெண்கள் அதை எதிர்த்துக் காட்டைக் காத்தார்கள். அந்த ஊரில் அன்று பயிலரங்கு நடந்திருந்தால், 'சமூகத்தின் ஒப்புதல்' என்று அறிக்கையில் எதைப் பதிவு செய்திருப்பார்கள்? உத்தராகண்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளற்றுக் கிடந்தன. எஞ்சிய பல ஊர்களில் நிலப்பட்டா சமவெளி நகரத்தில் வேலை பார்க்கும் ஆணின் பெயரிலும், நிலத்தின் உழைப்பு ஊரில் தங்கிய பெண்ணின் கையிலும் இருக்கின்றன. மழைக்காலம் முடிந்து குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுக்கும் வாரங்களில், காலை பத்து மணிக்கு, அலுவல்மொழியான இந்தியில் நடத்தப்படும் கூட்டத்துக்கு யார் வர இயலும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். நேரமும் மொழியும் யாரைத் தேர்ந்தெடுக்கின்றனவோ அவர்களே 'பங்கேற்பாளர்' ஆகிறார்கள்.

ஒருநாள் கூட்டத்திடம் இவ்வளவு எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். ஆய்வுத் திட்டத்தின் நிதி சிறிது, காலம் குறுகியது, அதிகாரப் பகிர்வு சட்டமன்றங்களின் வேலை. இந்த மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் எதுவும் செய்ய இயலாது என்ற முடிவு இதிலிருந்து பெறப்படாது. பயிலரங்கை நடத்துவோரின் எல்லைக்குள்ளேயே செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, திட்டத்தில் எவை ஏற்கெனவே முடிவாகிவிட்டன, எவற்றை ஊரார் மாற்றலாம், எவ்வளவு பணம் இருக்கிறது என்பவற்றைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்வது. மாற்றத்தக்கது எதுவுமில்லை என்றால் அதை நேர்காணல் என்றே அழைத்து, இழந்த நாளுக்குரிய கூலியைக் கொடுப்பதுதான் நேர்மை.

இரண்டாவது, பயிலரங்கின் விளைவைச் சட்டத் தகுதியுள்ள அமைப்பிடம் ஒப்படைப்பது. அத்தகைய அமைப்புகளுக்கு மலைகளில் பஞ்சமில்லை. குமாவோனில் காடுகளை அரசு கைப்பற்றியதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிகளின் பயனாக 1931இல் விதிமுறை பெற்ற வன பஞ்சாயத்துகள், இன்று உத்தராகண்ட் முழுவதும் 11,000க்கு மேல் உள்ளன. அரசமைப்பின் 73ஆவது திருத்தம் நிலைநிறுத்திய கிராம சபை இருக்கிறது. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. ஊற்று மீட்பு இதற்குள் அடங்கும். சுவரில் ஒட்டிய தாளில் எழுதப்பட்ட 'முதன்மைத் தேவை' கிராம சபையின் தீர்மானமாகப் பதிவானால், அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கிறது.

மூன்றாவது, திரும்பிச் செல்வது. ஊரார் பேசும் மொழியில் சுருக்கமான அறிக்கையோடு, அடுத்த பருவத்தில், அதே மக்கள் முன் நிற்பது. பிழையாகப் புரிந்துகொள்ளப்பட்டவற்றை அவர்கள் திருத்த அது வாய்ப்பளிக்கும். எது நடக்கவில்லை என்பதையும், ஏன் நடக்கவில்லை என்பதையும் அங்கேதான் கேட்க இயலும்.

கல்விப்புலம் இதற்குத் தடையாக இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நடத்திய பயிலரங்குகளின் எண்ணிக்கை, பங்கேற்றோர் எண்ணிக்கை, பெண்களின் விழுக்காடு, வெளியான கட்டுரைகள் என்பனவே திட்ட மதிப்பீட்டில் இடம்பெறுகின்றன. இரண்டாம் முறை சென்றதற்கு மதிப்பெண் இல்லை. தீர்மானமாக நிறைவேறிய ஒரு பரிந்துரைக்கும் மதிப்பெண் இல்லை. ஆய்வேட்டுக்காகக் களம் செல்லும் மாணவர் மூன்றாண்டுகளில் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கிறார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. நிதி வழங்கும் அமைப்புகளும் நெறியாளர்களும் மதிப்பீட்டு அளவுகோலை மாற்றினால் மட்டுமே நடைமுறை மாறும்.

தகவமைப்பு என்ற சொல்லுக்குள் ஓர் அநீதி ஒளிந்திருப்பதையும் மறக்கலாகாது. பசுங்குடில் வாயுக்களை மிகக் குறைவாக வெளியிட்ட மக்களிடம், மாறிவிட்ட வானத்துக்கு ஏற்ப நீங்கள் மாறுங்கள் என்று அது கேட்கிறது. கேட்பது தவிர்க்க இயலாததாக இருக்கலாம். அப்படியெனில், எப்படி மாறுவது, யார் செலவில் மாறுவது, எதை மாற்ற மறுப்பது என்பவற்றை முடிவு செய்யும் உரிமை அவர்களிடமே இருக்க வேண்டும். ஒரு பயிலரங்கு வென்றதா என்பதை அறிய அதன் அறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை; ஓராண்டு கழித்து, அந்த ஊரின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.