ஒட்டாப் பூச்சும் உறுதிக் கலமும்

வீட்டிலேயே கேக்கும் ரொட்டியும் சுடும் வழக்கம் இந்நாளில் நம் நாட்டில் பெருகி வருகின்றது. 2020-ஆம் ஆண்டில் தொற்றுநோயின் பொருட்டுக் கடைகள் அடைபட்டிருந்த காலத்தே பல இல்லங்களில் பொழுதுபோக்காகத் தொடங்கிய இப்பழக்கம், பின்னர் மகளிர் பலர்க்கு வருவாய் தரும் தொழிலும் ஆயிற்று. மாவும் சர்க்கரையும் எவ்வளவின என்று ஆராய்வோர் பலர். அவற்றைத் தாங்கும் கலம் எத்தகையது என்று ஆராய்வோர் சிலரே. கரிய நிறத்துடன் மினுமினுக்கும் நான்ஸ்டிக் டின்னைக் கடையிற் கண்டு, ஒட்டாது என்னும் ஒரு சொல்லையே நம்பி வாங்கிச் சென்று, சின்னாளிற் பூச்சு உரியக் கண்டு வருந்துவோர் மிகப் பலர். ஆதலின் நெடுநாள் உழைக்கும் கலத்தைத் தேர்வது எங்ஙனம் என்பது குறித்து எம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

முதற்கண் பூச்சின் இயல்பை அறிதல் வேண்டும். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ராய் பிளங்கெட் என்னும் இரசாயன அறிஞர், குளிர்சாதனங்களுக்குரிய வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபொழுது தற்செயலாகக் கண்டதே பின்னாளில் டெஃப்லான் எனப் பெயர் பெற்றது. 1954-இல் பிரெஞ்சு நாட்டினரான மார்க் கிரெகுவார் அதனை அலுமினியத்தின்மேல் நிலைபெறச் செய்யும் வழி கண்டார். எதனோடும் ஒட்டாமையே அப்பொருளின் சிறப்பு. எதனோடும் ஒட்டாத ஒன்று, தன்னைத் தாங்கும் உலோகத்தோடு மட்டும் எளிதில் ஒட்டுமோ? ஒட்டாது. அதனாலேயே உலோகத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அந்நுண்ணிய பள்ளங்களிற் பூச்சைப் பற்றி நிற்கச் செய்கின்றனர். கத்தியும் கம்பி நாரும் பட்டவிடத்து அது பிடிவிட்டு உரிதல் இயல்பே. அதன் சிறப்பும் குறையும் ஒரே குணத்தினின்று தோன்றுவன.

இதனால் யாம் கொள்ளும் முடிபு யாதெனின், கலத்தின் உறுதி உலோகத்தைச் சார்ந்ததேயன்றிப் பூச்சைச் சார்ந்ததன்று என்பதாம். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசுவித்தனர்; ஈயம் தேய்ந்தவிடத்து மீண்டும் பூசுவித்தனர்; பாத்திரமோ தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பெயர்த்திக்கும் சென்றது. பூச்சு அழிவது, கலம் நிற்பது என்னும் தெளிவு அவர்பால் இருந்தது. இன்றைய கேக் டின்னுக்கு மறுபூச்சு இடுவார் நம் தெருக்களில் இலர். பூச்சுப் போயின் கலமும் குப்பைக்கே போகின்றது.

அங்ஙனமாயின் எவ்வுலோகம் ஏற்றது? வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் சாதாரண உருக்கினும் ஏறக்குறைய நான்கு மடங்கு மிக்கது. ஆகவே தடித்த அலுமினிய டின்னில் வெப்பம் ஒரு சீராகப் பரவும், துருவும் ஏறாது. மெல்லிய உருக்குத் தகட்டாலாகிய டின் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். பூச்சுக் கீறியவிடத்துத் துருவும் பிடிக்கும். எனவே வாங்குவோர் டின்னின் எதிர் மூலைகளைப் பற்றிச் சிறிது முறுக்கிப் பார்த்தல் நன்று. எளிதில் வளையுமாயின் அதனை விட்டுவிடுக. நிறமும் நோக்கத்தக்கது. கரிய டின் ஓவனின் வெப்பத்தை மிகுதியாக ஈர்த்து, கேக்கின் அடியையும் ஓரத்தையும் விரைவிற் கருகச் செய்யும். அதிற் சுடுவோர் சூட்டைப் பத்துப் பதினைந்து பாகை குறைத்தல் வேண்டும்.

பூச்சில்லாத டின்னிற் கேக் ஒட்டுமே என்பார் உளர். வெண்ணெய் தடவி, மாவு தூவி, அடியில் ஒரு பட்டர் பேப்பரை இட்டால் ஒட்டுதல் இல்லை. தோசைக்கல்லை எண்ணெயிட்டுப் பழக்கிய நம் இல்லத்தார்க்கு இது புதிய வித்தையன்று. தக்காளி, எலுமிச்சை முதலிய புளிப்புடைய பண்டங்களை மட்டும் பூச்சில்லா அலுமினியத்தில் நெடுநேரம் வைத்தலாகாது. பூவிதழ்போல் மடிப்புகள் அமைந்த அச்சுகளில் தாள் இடுதல் அரிது. ஆண்டு நான்ஸ்டிக் பூச்சு பயனுடையதே. அத்தகைய அச்சை வாங்கினும் உலோகம் தடித்ததாக இருத்தல் வேண்டும். கேக்கை வெளியே கவிழ்த்த பின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும். ஆறிய பின்னர் மெல்லிய துணியாற் கழுவுதல் வேண்டும்.

பூச்சு நஞ்சென்று அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். டெஃப்லான் ஏறக்குறைய 260 பாகை செல்சியஸ் வரை தாங்கும்; கேக் வேகுவதோ 160 முதல் 180 பாகையில். வெறுங்கலத்தை அடுப்பிற் காயவிடுவதே பெரிதும் தீங்கு. ஆயினும் அதன் உற்பத்தியிற் பயன்பட்டுவந்த பி.எஃப்.ஓ.ஏ. என்னும் பொருளைப் பற்றிய அச்சம் வீணன்று. எளிதில் அழியாது நீரிலும் உடலிலும் தங்கும் அதனை 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கத்தக்கவற்றுள் சேர்த்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அது மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பதென வகுத்தது. இன்று பல டின்களின்மேல் 'பி.எஃப்.ஓ.ஏ. அற்றது' என்று அச்சிட்டிருப்பது நன்றே. ஆனால் அஃது உற்பத்தி முறையைக் குறிப்பதன்றிப் பூச்சின் ஆயுளைக் குறிப்பதன்று. செராமிக் பூச்சுடையவற்றிலோ ஒட்டாத்தன்மை பெரும்பாலும் இன்னும் விரைவிற் குன்றுகின்றது.

ஆள் பாதி ஆடை பாதி என்னும் பழமொழி மாந்தர்க்குப் பொருந்தலாம். கேக் டின்னுக்குப் பொருந்தாது. சிறு முதலைக் கொண்டு வீட்டிலேயே தொழில் நடத்தும் ஒரு பெண், தேய்ந்த டின்களுக்கு மாற்றாக மீண்டும் மீண்டும் புதியன வாங்குவாளாயின், கேக்கில் ஈட்டிய ஊதியம் டின்னிலேயே கரைந்துபோம். ஆதலின் மினுக்கிற்குக் கொடுக்கும் பணத்தைக் கனத்திற்குக் கொடுப்போமாக. பூச்சுள்ள அச்சு ஒன்று வேண்டுமாயின் இருக்கட்டும். நாள்தோறும் உழைக்கும் கலம் தடித்த அலுமினியமாகவே இருத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.